குடியிருக்கும் வீட்டுக்குள் தச்சு வேலை: சத்தம் குறைந்த கம்ப்ரசரை எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான். ஆட்கள் குடியிருக்கும் வீடுகளுக்குப் போய் அலமாரி, ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் பட்டை), சீலிங் பீடிங் (சீலிங் ஓரத்துச் சட்டம்) போன்ற வேலைகளைச் செய்கிறவர் ஒருவர். கையில் இருக்கும் பழைய கம்ப்ரசரை, அதாவது காற்றை அழுத்தி டேங்கில் சேர்த்துக் கன்னுக்கு அனுப்பும் மெஷினைப் போட்டால் அந்த வீட்டில் யாரும் பேச முடிவதில்லை. காற்றின் விசையில் மெல்லிய பின்னையும் ஆணியையும் அடிக்கும் பின் கன்னுக்கும் நெயில் கன்னுக்கும் போதுமான, ஒரே ஆள் தூக்கிப் போகக்கூடிய, சத்தம் குறைந்த ஒன்று வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் டெசிபலை நம்பலாமா, டேங்க் எத்தனை லிட்டர் இருக்க வேண்டும், ஆயில் உள்ளதா ஆயில் இல்லாததா என்று கேட்டிருக்கிறார்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயில் இல்லாத பம்ப், 1 குதிரைத்திறன் அளவில் மெதுவாகச் சுற்றும் இண்டக்‌ஷன் மோட்டார், 20 முதல் 25 லிட்டர் டேங்க், 1 மீட்டர் தூரத்தில் 65 டெசிபலுக்குள் சத்தம், 25 கிலோவுக்குள் எடை. வீட்டுக்குள் ஆணி, பின் அடிக்கிற வேலைக்கு இது தாராளம். ஆனால் இதே விவரத்தை அச்சடித்த பெட்டிகள் கடையில் வரிசையாக நிற்கும், எல்லாம் சொன்னபடி நடந்துகொள்வதில்லை. எதைப் பார்த்துத் தரம் பிரிப்பது என்பதற்குத்தான் மீதிக் கதை.

நான் சத்தமில்லாத கம்ப்ரசருக்கு மாறியது காதுக்காக இல்லை, ஒரே ஒரு பின்னுக்காக. ஏணியின் மேல் நின்று சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் மோல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். இடது கையால் 45 டிகிரி மூட்டை அழுத்திப் பிடித்து, வலது கையில் கன்னைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிரையை அழுத்தப் போகும் நொடியில் கீழே கம்ப்ரசர் திடீரென்று கத்த ஆரம்பித்தது. தோள் ஒரு துள்ளு துள்ளியது. பின் மோல்டிங்கின் முகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. பட்டி வைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டும் சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அந்தப் புள்ளி தெரிந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் அந்த மூலையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்றைக்குப் புரிந்தது ஒன்று உண்டு. விட்டுவிட்டு வரும் சத்தம்தான் ஆளைப் படுத்துகிறது. மின்விசிறி நாள் முழுக்க ஓடினாலும் யாரும் கவனிப்பதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அலறும் மெஷினை யாராலும் பழக்கப்படுத்திக்கொள்ள முடியாது. ஆகவே கம்ப்ரசர் எவ்வளவு சத்தமாக ஓடுகிறது என்பது பாதிக் கேள்விதான். எத்தனை தடவை ஓடுகிறது, எங்கே உட்கார்ந்து ஓடுகிறது என்பது மற்றப் பாதி. முதல் பாதியை மெஷினோடு வாங்கிவிடலாம், இரண்டாவது பாதியை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பெட்டியில் உள்ள டெசிபலுக்கு வருவோம். டெசிபல் சாதாரண எண் மாதிரி ஏறுவதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம். பழைய வகை சின்னக் கம்ப்ரசர்கள் பெரும்பாலும் 85-லிருந்து 90-க்கு மேல் வரை போகும். சைலண்ட் வகை நல்லதாக இருந்தால் 60-ஐ ஒட்டி நிற்கும். எண்ணில் 25 வித்தியாசம், ஆற்றலில் 300 மடங்குக்கு மேல், காதில் ஐந்தாறு மடங்கு. 60 டெசிபல் என்பது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசும் அளவு. அதாவது அதன் பக்கத்திலேயே நின்று போனில் பேசலாம், கத்த வேண்டியதில்லை.

ஆனால் அந்த எண்ணை எங்கே நின்று அளந்தார்கள் என்று பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 75 டெசிபல் காட்டும் மெஷினை 7 மீட்டர் தள்ளி வைத்து அளந்தால் 58 வரும். பொய் சொன்னதாகவும் ஆகாது, உண்மை சொன்னதாகவும் ஆகாது. தூரம் போடாத டெசிபல் எண்ணை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. சில லேபிள்களில் ஒலி அழுத்தத்துக்குப் பதிலாக ஒலித் திறனைப் போட்டிருப்பார்கள். அது மெஷின் மொத்தமாக வெளியே தள்ளும் ஒலியின் அளவு, தூரத்தோடு சம்பந்தமில்லாதது. தரையில் வைத்த மெஷினுக்கு 1 மீட்டரில் காதுக்கு வரும் எண் அதைவிடச் சுமார் 8 குறைவாக இருக்கும். ஆகவே ஒலித் திறன் 78 என்று போட்ட மெஷினும், 1 மீட்டரில் 70 என்று போட்ட மெஷினும் ஒன்றுதான். இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் ஒழுங்காக எழுதிய நிறுவனத்தை ஒதுக்கிவிட்டு, மழுப்பி எழுதியதை வாங்கி வருவோம்.

அளந்த இடம் திறந்த வெளி, நீங்கள் வேலை செய்யப்போவது அறை என்பதையும் மறக்க வேண்டாம். சாமான் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்ட, டைல்ஸ் போட்ட, திரைச்சீலை கழற்றிய அறையில் ஒலி நான்கு சுவரிலும் முட்டித் திரும்பும். கடைக்காரர் வாசலில் போட்டுக் காட்டியபோது பூனை மாதிரி இருந்த மெஷின் வெற்று அறையில் புலியாகிவிடும். அதனால் முடிந்தால் உள்ளே கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். போனில் இருக்கும் சத்தம் அளக்கும் செயலியும் உதவும். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் ஒரே போனை ஒரே தூரத்தில் வைத்து இரண்டு மெஷினை ஒப்பிட அது போதும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி மெஷின்களைப் பார்வையிலேயே கழித்துவிடலாம். எடை குறைவாக, விலை குறைவாகக் கிடைப்பவற்றில் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் இருக்கும். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் பறக்கும். பற்சக்கரமோ பெல்ட்டோ வைத்து வேகத்தைக் குறைத்துப் பம்பை ஓட்டுவார்கள். கேட்டால் மிக்சி ஞாபகம் வரும். அடுத்த வகை இரண்டு துருவ இண்டக்‌ஷன் மோட்டார், 2,800 சுற்று அளவில் ஓடும். சத்தம் குறைந்தவற்றில் பெரும்பாலும் நான்கு துருவ மோட்டார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1,400 சுற்றுச் சொச்சம், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1,700 சொச்சம். வேகம் பாதியானதால் காற்று குறையாமலிருக்க, ஒன்றுக்கொன்று எதிரே இரண்டு சின்ன பிஸ்டன்களை வைத்திருப்பார்கள். ஒன்று இந்தப் பக்கம் உதைக்கும்போது மற்றது அந்தப் பக்கம் உதைப்பதால் அதிர்வும் அடங்கும். மோட்டார் தகட்டில் சுற்று எண்ணிக்கை எழுதியிருக்கும். குனிந்து அதைப் படியுங்கள். பெட்டிமேல் எவ்வளவு பெரிய எழுத்தில் 'சைலண்ட்' என்று போட்டிருந்தாலும், தகட்டில் 2,800 என்று இருந்தால் நான் ஒருமுறைக்கு இரண்டு முறை யோசிப்பேன்.

மோட்டாரைவிட நம்மை ஏமாற்றுவது காற்றை உள்ளே இழுக்கும் வாய். ஒவ்வொரு முறை பிஸ்டன் இறங்கும்போதும் காற்று அந்தச் சின்ன ஓட்டை வழியாக உறிஞ்சப்படும். அந்த 'தட தட' ஓசையில் பெரும்பங்கு அங்கிருந்துதான். நல்ல மெஷினில் அந்த வாயில் பஞ்சு ஃபில்டரோடு சின்னக் குப்பி மாதிரி ஒரு சைலன்சர் இருக்கும். ஓடும்போது அந்த இடத்தின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஓசை சட்டென்று மாறுவது தெரியும். அடைத்துவிடாதீர்கள், சும்மா அருகே மட்டும்.

இனி டேங்க். இதில்தான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். சின்ன டேங்க் என்றால் சின்ன மெஷின், சின்ன மெஷின் என்றால் சின்னச் சத்தம் என்று நினைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதியை இங்கே கொஞ்சம் தூசி தட்டிப் பார்க்கலாம். டேங்கில் 8 பார் (பார் என்பது காற்றழுத்தத்தின் அளவு) அழுத்தம் ஏறியதும் மோட்டார் நிற்கிறது, 6 பாருக்கு இறங்கியதும் திரும்ப ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த 2 பார் இறங்குவதற்குள் 24 லிட்டர் டேங்க், பாருக்கு 24 லிட்டர் வீதம், 48 லிட்டர் சாதாரணக் காற்றைத் தரும். 18 கேஜ் (கேஜ் எண் கூடக் கூடப் பின் மெல்லிசு) பின் அடிக்கும் கன் ஒரு அடிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எடுக்கும். ஆக மோட்டார் ஒருமுறை நின்றால், ஏறத்தாழ 50 பின் அடிக்கும்வரை அமைதி. அதே வேலையை 6 லிட்டர் டேங்கில் செய்தால் 12 பின்னுக்கு ஒரு தடவை மோட்டார் எழும். ஒரு அறைக்கு ஸ்கர்ட்டிங் அடிக்க நூறு பின் ஆகிறது என்றால், பெரிய டேங்க் இரண்டு முறை ஓடும், சின்ன டேங்க் எட்டு முறை ஓடும். 3 டெசிபல் குறைவாக இருக்கிறது என்று சின்னதை வாங்கினவர் எட்டு முறை திடுக்கிட்டுக்கொண்டிருப்பார்.

அதற்காக 50 லிட்டருக்குப் போகவும் வேண்டாம். அதைத் தூக்கி மாடி ஏற இரண்டு ஆள் வேண்டும். அந்த அளவில் வருபவற்றில் பல, ஒரே டேங்கின் மேல் இரண்டு மோட்டார் வைத்தவை. 24 லிட்டரே இரும்பு டேங்க் என்றால் மொத்தம் 20 கிலோவைத் தாண்டும். அலுமினிய டேங்க் என்றால் சில கிலோ குறையும், துருவும் பிடிக்காது, விலைதான் கூடும். லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் அடிக்கடி வேலை என்றால் அந்தக் கூடுதல் விலை இடுப்புக்குக் கொடுக்கும் மரியாதை. கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதையும் தூக்கிப் பார்த்தே வாங்குங்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்து, நடக்கும்போது டேங்க் முழங்காலில் இடிக்கும் மாடல்கள் இருக்கின்றன.

பெரிய ஆணி அடிக்கும் கன்களுக்கு இந்தக் கணக்கு மாறும். 15, 16 கேஜ் ஃபினிஷ் நெய்லர் அடிக்கு இரண்டு லிட்டர் வரை எடுக்கும். சட்டம் கோக்கும் ஃப்ரேமிங் நெய்லர் மூன்று லிட்டரைத் தொடும். அப்போதும் 24 லிட்டர் தாங்கும், கொஞ்சம் அடிக்கடி ஓடும், அவ்வளவுதான். ஆனால் காற்றில் ஓடும் சாண்டரையோ பெரிய ஸ்ப்ரே கன்னையோ இதில் மாட்டினால் குருவி தலையில் பனங்காய் வைத்த கதை. அவை நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் கேட்கும். 1 குதிரைத்திறன் சைலண்ட் மெஷின் உண்மையில் கொடுப்பது அதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. நிற்காமல் ஓடி, சூடேறி, மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு ஸ்விட்ச் விழுந்து உட்கார்ந்துவிடும். தேய்ப்பதற்கு மின்சார சாண்டரையே வைத்துக்கொள்ளுங்கள்.

'உண்மையில் கொடுப்பது' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டியில் நிமிடத்துக்கு 120, 130 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். அது பிஸ்டன் நகரும் கன அளவைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி வந்த ஏட்டுக் கணக்கு. 7 பார் அழுத்தத்துக்கு எதிரே தள்ளும்போது வெளியே வருவது அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். யாரையும் கேட்க வேண்டாம், நீங்களே அளக்கலாம். டேங்க் நிரம்பி மோட்டார் நின்றதும் காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டு, மோட்டார் திரும்ப எழும் இடத்துக்கு இறக்குங்கள். எழுந்ததும் திறப்பை மூடிவிட்டு, அங்கிருந்து நிற்கும்வரை எத்தனை விநாடி என்று பாருங்கள். 24 லிட்டர் டேங்க், 6-லிருந்து 8 பார், 50 விநாடி என்றால், 48 லிட்டரை 50 விநாடியில் நிரப்பியிருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 58 லிட்டர். இது நல்ல எண். ஒரு நிமிடம் இருபது விநாடிக்கு மேல் இழுத்தால் அந்த மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். குதிரைத்திறன் எண்ணை வைத்துப் பேரம் பேசுகிறவர்களுக்கு இந்த ஐம்பது விநாடி நல்ல பதில்.

மோட்டார் எந்த அழுத்தத்தில் திரும்ப எழுகிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சில மெஷின்கள் 5 பாருக்கு இறங்கின பிறகுதான் எழும். கெட்டியான மரத்தில் 30 மில்லிமீட்டர் பின்னை முழுதாக இறக்க உங்கள் கன்னுக்கு 5.5 பார் வேண்டும் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் கடைசிப் பத்துப் பன்னிரண்டு பின்கள் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கன் சரியில்லை என்று அதைப் பிரித்து மேய்ந்துகொண்டிருப்போம், குற்றவாளி, அழுத்தத்தைப் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச்.

ஆயில் உள்ளதா இல்லாததா என்ற கேள்விக்கு நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஆயில் போட்ட பம்ப் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் எப்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். வண்டியில் சாய்த்து வைத்தால் ஆயில் வால்வுக்கு ஏறும், ஃபில்டர் வழியாக ஒழுகும். ஓடும்போது காற்றோடு மெல்லிய ஆயில் படலமும் வரும். வெனீர் ஒட்டிய பலகையிலோ பாலிஷுக்குத் தயாரான மரத்திலோ அது பட்டால், மேலே பூசும் வார்னிஷ் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக நிற்கும். அடுத்தவர் வீட்டில், முடிந்த வேலையின் மேல் இந்த ஆபத்து எதற்கு? ஆயில் இல்லாததே சரி. அதில் தேய்வது பிஸ்டன் வளையம். அந்த வளையம் தனியாக உதிரிபாகமாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் இரண்டு மூன்று வருடத்தில் முழு மெஷினையும் தூக்கிப் போட வேண்டி வரலாம்.

ஒரு சின்ன விஷயம், பலர் குழம்புவது. கம்ப்ரசர் ஆயில் இல்லாதது என்பதற்காகக் கன்னுக்கும் ஆயில் வேண்டாம் என்று அர்த்தமில்லை. கன்னின் ரப்பர் வளையங்களுக்குக் காலையில் வேலை ஆரம்பிக்குமுன் காற்று நுழையும் வாயில் இரண்டு மூன்று சொட்டு நியூமேட்டிக் ஆயில் விட வேண்டும், ஆயில் தேவையில்லை என்று எழுதிய கன்னைத் தவிர. விட்டதும் நேரே வேலையில் அடிக்காதீர்கள். முதல் பத்து பின்னைக் கழிவுப் பலகையில் அடித்தால் மிஞ்சிய ஆயில் அங்கேயே தெறித்துவிடும்.

இப்போது மெஷினை எங்கே வைப்பது என்பது. என் கணிப்பில் கூடுதல் விலை கொடுத்துக் குறைக்கும் சத்தத்தைவிட ஒரு நல்ல ஹோஸ் (காற்றுக் குழாய்) குறைக்கும் சத்தம் அதிகம். கம்ப்ரசரை வேலை நடக்கும் அறையில் வைக்கவே வேண்டாம். பால்கனி, படிக்கட்டுத் திருப்பம், பக்கத்துக் காலி அறை என்று எங்காவது வைத்துவிட்டு 15, 20 மீட்டர் ஹோஸை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பாலியூரித்தேன் ஹோஸ் லேசாக, வளைந்து கொடுத்து, சுவர் மூலையில் கறை படாமல் வரும். சாதாரண பி.வி.சி. ஹோஸ் குளிரில் விறைத்துக்கொண்டு, ஏணியில் நிற்பவனைத் திரும்ப இழுக்கும். சுருள் ஹோஸ் மேசை வேலைக்கு நல்லது, அறை அறையாக நடப்பவனுக்குத் தொல்லை. நீளமாகப் போகும்போது உள் விட்டம் 8 மில்லிமீட்டர் இருக்கட்டும்.

இங்கே ஒரு தப்பை நானே செய்து கற்றுக்கொண்டேன். ஹோஸ் வாங்க மனமில்லாமல், கையில் இருந்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை முப்பது மீட்டருக்கு இழுத்துக் கம்ப்ரசரையே வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோனேன். இண்டக்‌ஷன் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். மெல்லிய வயரில் மின்னழுத்தம் இறங்கிவிட, மோட்டார் 'உம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நின்றதே தவிரச் சுற்றவில்லை. மூன்றாவது முறை, மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர் போய்விட்டது. வயரைக் குட்டையாக வை, ஹோஸை நீளமாக வை என்பது அந்த அரை நாள் சம்பளத்தில் வாங்கிய பாடம். எக்ஸ்டென்ஷன் தவிர்க்கவே முடியாது என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், சுருட்டியபடி இல்லாமல் முழுதும் விரித்து.

தரையையும் கவனிக்க வேண்டும். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் கேட்பது பெரும்பாலும் தரை வழியாக இறங்கும் அதிர்வைத்தான், காற்று வழி வரும் ஓசையை இல்லை. மெஷினின் ரப்பர் காலை நம்பாதீர்கள், அது சீக்கிரம் இறுகிப்போகும். தடிமனான ரப்பர் பாயின் மேல் வையுங்கள். மரத்தளம் என்றால் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டிய மூலைக்கு அருகே வையுங்கள், அங்கே தளம் குறைவாக ஆடும். ஆனால் சத்தம் குறையட்டும் என்று மரப் பெட்டிக்குள்ளோ மூடிய அலமாரிக்குள்ளோ வைக்கும் யோசனை வேண்டாம். ஆயில் இல்லாத பம்ப் காற்றில்தான் ஆறுகிறது. கதவை மூடினால் கால் மணி நேரத்தில் கையை வைக்க முடியாது, அப்புறம் ஓவர்லோடு தானாக விழும். போர்வை போர்த்துவதும் அதே கதைதான்.

தனி அறையில் வைப்பதற்கு இன்னொரு காரணம் தூசி. மரத்தூள், அதிலும் எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) அறுக்கும்போது பறக்கும் மாவு, இழுக்கும் வாயின் பஞ்சை இரண்டே நாளில் அடைத்துவிடும். காற்று குறைவாக உள்ளே போனால் டேங்க் நிரம்ப அதிக நேரம் எடுக்கும், மெஷின் அதிக நேரம் கத்தும். 'வாங்கும்போது சத்தமில்லாமல்தான் இருந்தது, இப்போது எப்பப் பார்த்தாலும் ஓடுகிறது' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தப் பஞ்சை எப்போது தட்டினீர்கள் என்பதைத்தான். இரண்டாவது சந்தேகம் கசிவு. சோப்புத் தண்ணீரைக் குழைத்துப் பழைய பிரஷால் ஹோஸை மாட்டும் ஒவ்வொரு கப்ளரிலும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் மூட்டிலும் தடவினால், குமிழி எங்கே ஊதுகிறதோ அங்கே டெஃப்லான் டேப் போதும். யாரும் ஒரு பின்கூட அடிக்காத சாப்பாட்டு நேரத்தில் மெஷின் தானாக எழுந்து ஓடினால், அது கசிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மோட்டார் நின்றதும் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பம்புக்கும் டேங்குக்கும் நடுவில் சிக்கிய காற்றை அது வெளியே விடுகிறது, அடுத்த தடவை மோட்டார் சுமையில்லாமல் கிளம்பத்தான் இந்த ஏற்பாடு. அந்த 'புஸ்' ஒரு நொடியில் முடிய வேண்டும். நிற்காமல் சீறிக்கொண்டே இருந்தால் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் தூசி உட்கார்ந்திருக்கிறது, டேங்கின் காற்று பின்பக்கமாக ஒழுகுகிறது என்று பொருள். கழற்றித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கழற்றும் முன் டேங்கை முழுக்கக் காலி செய்யுங்கள், பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் டேங்கின் அடியில் உள்ள திறப்பைத் திறந்து தண்ணீரை விட வேண்டும். காற்றில் இருக்கும் ஈரம் அழுத்தத்தில் நீராகி அடியில் தேங்கும். இரும்பு டேங்கில் அது துருவோடு கலந்து காப்பித் தண்ணி மாதிரி வரும். வீட்டுக்காரருடைய பளிங்குத் தரையில் அது சொட்டினால் கறை போகாது. ஒரு பழைய தட்டை அடியில் வைத்து, கொஞ்சம் அழுத்தம் மீதமிருக்கும்போதே மெதுவாகத் திறங்கள். காற்று ஏற்றிய டேங்கோடு வண்டியில் ஏற்ற வேண்டாம்.

பேட்டரியில் ஓடும் பின் கன் வாங்கிவிட்டால் கம்ப்ரசரே வேண்டாமே என்று சிலர் சொல்வார்கள். சின்னச் சின்ன ரிப்பேர் வேலைக்கு அது சரிதான். காற்றுக் கன் ஒன்றேகால் கிலோ இருந்தால் பேட்டரிக் கன் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். தலைக்கு மேலே கையைத் தூக்கி ஒரு அறை முழுக்க பீடிங் அடித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் தோளில் தெரியும். நாளைக்கு முப்பது பின் அடிப்பவருக்குப் பேட்டரி, முந்நூறு அடிப்பவருக்குக் காற்று.

காதடைப்பானை வீட்டில் விட்டுவிட்டு வரலாமா என்றால், கூடாது. கம்ப்ரசர் அமைதியானாலும் கன் அமைதியாவதில்லை. ஒவ்வொரு அடியும் காதருகே 90 டெசிபலைத் தாண்டும், வெற்று அறையில் இன்னும் கூடும். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் 1998-இல் திருத்திய வழிகாட்டியில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்கிறது. ரெகுலேட்டரைத் தேவைக்கு மேல் ஏற்றி வைக்காமலிருந்தால் கன்னின் சத்தமும் குறையும், காற்றும் மிச்சமாகும். 4 பாரில் ஆரம்பித்து, பின் தலை மரத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் இறங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பிளைவுட்டில் பெரும்பாலும் 5-ஐ ஒட்டியே வேலை முடிந்துவிடும்.

பழைய கம்ப்ரசரை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: விற்றுவிடாதீர்கள். பட்டறையில் வைத்து மெஷின்களின் தூசி ஊதவும், வண்டி டயருக்குக் காற்றுப் பிடிக்கவும் அது போதும். அங்கே அது எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆளில்லை.